தரையில் சேர்ந்த மைல்கள்

ஆகஸ்ட் 4

ஓய்வூதியக் கணக்கில் ஒரு சந்தேகம் கேட்க வங்கிக்குப் போனேன். சந்தேகம் தீரவில்லை, கடன் அட்டை ஒன்று கிடைத்தது. அந்த அட்டையால் எதை வாங்கினாலும் ஒரு விமான நிறுவனம் என் பெயரில் மைல்களை வரவு வைக்குமாம். போதிய மைல் சேர்ந்தால் பயணச்சீட்டு இலவசம். கவுன்ட்டரில் இருந்த பெண் இதை விளக்கியபோது நான் இரண்டு முறை குறுக்கிட்டுக் கேட்டேன்: "பறக்காமலேயா?" "பறக்கவே வேணாம் சார்" என்றாள்.

முப்பத்தாறு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன் நான். தூரம் என்பது கடந்தால்தான் சேரும் என்று நம்பியே ஓய்வு பெற்றேன்.

தை மாதம் மெல்போர்னில் எங்கள் மகள் இளவேனிலுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் அங்கேயே குடியிருப்பவர்கள்; அங்குள்ள கோயிலிலேயே வைத்துக்கொள்கிறார்கள். டிக்கெட் தான் அனுப்புவதாக இளவேனில் சொன்னாள். மகள் காசில் மகள் கல்யாணத்துக்குப் போய் இறங்கும் தகப்பனை நான் இதுவரை பார்த்ததில்லை. கண்ணாடியில் பார்க்கவும் விரும்பவில்லை.

ஆகஸ்ட் 9

பற்பசை பற்றிய கருத்துக்கணிப்பு ஒன்றை நிரப்பினேன். "உங்கள் பற்பசை உங்களைப் பற்றி என்ன சொல்கிறது?" என்று ஒரு கேள்வி. ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதினேன். நாற்பது மைல் வரவு. திருச்சியிலிருந்து மணப்பாறையைத் தாண்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 23

இந்த மாதம் ஹோட்டலில் ஓர் இரவு தங்கினால் இரட்டை மைல். ஜங்ஷனுக்கு எதிரே இருக்கும் ஹோட்டலில் அறை எடுத்தேன். எங்கள் வீடு கருமண்டபத்தில். ஆட்டோவில் பத்து நிமிடம்.

"சொந்த ஊர்ல ரூம் போட்டுத் தங்கினா பாக்குறவங்க என்னங்க நினைப்பாங்க?" என்றாள் மரகதம். ஆனாலும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டுதான் வந்தாள்.

அறை ஜன்னலைத் திறந்தால் ஐந்தாவது பிளாட்பாரம். வண்டிகள் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருந்தோம். மரகதம் ஐஸ்கிரீம் வரவழைத்துச் சாப்பிட்டாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் என்னோடு உட்கார்ந்து ரயில் பார்த்தது இதுதான் முதல் தடவை என்றாள். முன்பெல்லாம் நான் வேலையில் இருந்தேன், பார்க்க நேரமில்லை.

செப்டம்பர் 2

காலை நடையை இரண்டு சுற்றிலிருந்து மூன்றாக உயர்த்தியிருக்கிறேன். உடம்புக்கு நல்லது. நான் வெளியே போயிருக்கும் நேரத்தில் மரகதம் புதுக்கோட்டையில் இருக்கும் தன் தம்பி குலசேகரனோடு போனில் பேசுகிறாள் என்பது எனக்குத் தெரியாது. பேச்சு முடியுமுன் நான் வந்துவிட்டால் அவள் பாதியில் வைத்துவிடுவாள் என்பதும் தெரியாது.

செப்டம்பர் 6

ஒரு இணையப் பூக்கடையில் பூங்கொத்து அனுப்பினால் மும்மடங்கு மைல். நிபந்தனை ஒன்று: அட்டைக்காரரின் சொந்த முகவரிக்கு அனுப்பக் கூடாது.

யாருக்கு அனுப்புவது என்று யோசித்தேன். எனக்கு மனப்பாடமாக இருந்த வெளி முகவரி ஒன்றே ஒன்று. திரு. குலசேகரன், பெயின்ட் கடை, கீழ ராஜ வீதி, புதுக்கோட்டை. அவரோடு நான் பேசிப் பதினான்கு வருடம் ஆகிறது. அதனால் என்ன? முகவரிக்குப் பேச்சுவார்த்தை அவசியமில்லை.

காரணத்தையும் எழுதிவைக்கிறேன். இளவேனிலின் மஞ்சள் நீராட்டு விழாவில் தாய்மாமன் சீர் கொண்டுவந்து மாலை போட வேண்டும். முகூர்த்தம் முடியப் போகிறது, தாய்மாமனைக் காணோம். குறித்த நேரம் குறித்த நேரம்தான். வண்டி யாருக்காகவும் நிற்காது. மரகதத்தின் பெரியப்பா மகனைக் கூப்பிட்டு மாலையைப் போடச் சொன்னேன். சிறிது நேரத்தில் குலசேகரன் தட்டுகளோடு வந்தார். மாலை விழுந்த கழுத்தைப் பார்த்தார். தட்டுகளை மண்டப வாசலில் வரிசையாக இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். என் பக்கம் எந்தத் தவறும் கிடையாது.

பூவோடு வாழ்த்து அட்டையும் கட்டாயமாம். பட்டியலில் நான்கு வாசகங்கள் இருந்தன: பிறந்தநாள் வாழ்த்து, விரைவில் குணமடைக, என்றும் உன் நினைவில், ஆழ்ந்த அனுதாபங்கள். "மைலுக்காக" என்று ஒன்று இல்லை. இருப்பதில் வம்பில்லாதது "விரைவில் குணமடைக." பூவில் விலை குறைந்தது வெள்ளை லில்லி.

செப்டம்பர் 9

நடை முடிந்து வந்தபோது மரகதம் முகத்தில் புடவைத் தலைப்பைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகிறாள் என்று பதறினேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பிக்கு என்னங்க அனுப்புனீங்க?"

"பூ."

"வெள்ளைப் பூவு! கடை வாசல்ல இறக்கியிருக்கான். பக்கத்துக் கடை வளையல்காரம்மா மலர்வளையம்னு நினைச்சு, 'யாரு போனது?'ன்னு அழுதுகிட்டே வந்துட்டாங்களாம். பந்தக்காரரு வேற, 'ஷாமியானா எத்தன அடி?'ன்னு அளவு கேட்டாராம்."

"அவர் என்ன சொன்னார்?"

மரகதம் குரலை மாற்றிக்கொண்டு தம்பியைப் போலவே சொன்னாள்: "'அக்கா, நான் இன்னும் இருக்கேன்னு மச்சான்கிட்ட சொல்லிரு. குணமாயிட்டேன்னும் சொல்லு.'"

மைல் வரவாகிவிட்டது.

செப்டம்பர் 17

புதுக்கோட்டை பஸ் கண்டக்டர் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். பூங்கொத்தோடு போன கண்ணாடிக் குடுவை. உள்ளே கழுத்துவரை சீடை.

குடுவை பூவோடு சேர்ந்தது. பூ அவருக்கு அனுப்பியது. ஆகவே குடுவை அவருடையது. திருப்பியிருக்கவே வேண்டாம். ஆனால் அந்த வீட்டு வழக்கம் எனக்குத் தெரியும். வந்த பாத்திரத்தை வைத்துக்கொள்ளவும் மாட்டார்கள். வெறுமனே திருப்பவும் மாட்டார்கள்.

"இதை எப்படிங்க வெறுசா வெச்சுக்கறது?" என்றாள் மரகதம்.

பூச்சலுகை மாத இறுதி வரை இருந்தது. இன்னொரு கொத்து அனுப்பினேன். இந்த முறை சிவப்பு. பந்தல்காரரின் நேரத்தை வீணாக்க வேண்டாம். வாசகம்: பிறந்தநாள் வாழ்த்து. அவருடைய பிறந்தநாள் மாசியில். ஏதோ ஞாபகம்.

சீடை கொஞ்சம் கடினம். முழுவதையும் நானே சாப்பிட்டேன், வீணாகக் கூடாது என்று.

அக்டோபர் 3

இரண்டாம் குடுவையும் வந்தது. உப்பில் ஊறிய நெல்லிக்காய்.

சலுகை முடிந்துபோயிருந்தது; ஆனாலும் மூன்றாவது கொத்து போயிற்று. பட்டியலில் பாக்கி இருந்தது இரண்டு. அனுதாபம் கூடாது. "என்றும் உன் நினைவில்" என்பதை அழுத்தினேன். வேறு வழியில்லை.

அக்டோபர் 11

முழு உடல் பரிசோதனைக்குக் கணிசமான மைல். இருவரும் ரத்தம் கொடுத்தோம். எனக்குச் சர்க்கரை எல்லையில் இருக்கிறது. மரகதம் என்னைவிட ஆரோக்கியமாக இருக்கிறாள் என்று இப்போது எழுத்துமூலம் நிரூபணமாகிவிட்டது. அறிக்கையைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று கேட்கிறாள்.

அக்டோபர் 19

குடுவை வரவில்லை.

அக்டோபர் 26

வரவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை நடந்து பார்த்தேன். அந்தக் கண்டக்டருக்கு இன்று விடுப்பாம். நடைக்கு வெவ்வேறு பாதை நல்லது.

நவம்பர் 1

இரண்டு டிக்கெட்டுக்கான மைல் சேர்ந்துவிட்டது. இளவேனிலிடம் போனில் சொன்னேன். "அப்பா, நெஜமாவா? ஏரோப்ளேன்லயே ஏறாம?" என்றாள். "ஏறவில்லை" என்றேன். பெருமையாகச் சொன்னேனா என்று தெரியவில்லை. மரகதம் அப்படித்தான் என்கிறாள்.

வைக்கும் முன் இளவேனில் கேட்டாள்: "மாலை எடுத்துக் குடுக்க அங்கிருந்து யாருப்பா வருவாங்க?"

லைன் சரியில்லை என்று சொல்லி மரகதத்திடம் கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 5

மெத்தை வாங்கினேன்.

நவம்பர் 8

கைபேசியில் ஸ்பானிஷ் மொழி வகுப்பு. சந்தா கட்டினால் மைல். இன்று "என் மாமாவிடம் ஒரு குதிரை இருக்கிறது" என்று சொல்லக் கற்றேன். மெல்போர்னில் ஸ்பானிஷ் பேசமாட்டார்கள் என்று தெரியும்.

நவம்பர் 10

மரகதம் புது மெத்தையில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "ரெண்டு டிக்கெட்டுக்குச் சேந்தாச்சுன்னீங்க. இன்னும் எதுக்கு இதெல்லாம்?"

"மைல் ஒரே இடத்தில் நின்றால் காலாவதியாகிவிடும்."

"அப்படியா?"

"விதி."

 அவள் எழுந்துபோய், கைபேசியை எடுத்துக்கொண்டு வந்து, தானே ஒரு கருத்துக்கணிப்பை நிரப்ப ஆரம்பித்தாள். ஷாம்பு பற்றியது.

நவம்பர் 20

மூன்றாவதுக்கும் சேர்ந்துவிட்டது.

ஆனால் மைலில் எடுக்கும் சீட்டு குடும்பத்தாருக்கு மட்டும்தானாம். உறவைப் பட்டியலில் தேர்ந்தெடுக்க வேண்டும்: துணை, பெற்றோர், பிள்ளை, உடன்பிறப்பு. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். தமிழுக்கு மூன்றை அழுத்தினேன்.

"மைத்துனர்னு ஒண்ணு போடணும்மா."

"அந்த ஆப்ஷன் இல்ல சார்."

"மகளோட தாய்மாமன்மா. அவர் இல்லாம கல்யாணம் எப்படி நடக்கும்?"

"புரியுது சார். எங்க வீட்லயும் அப்படித்தான் சார். ஆனா சிஸ்டம்ல அவரு உங்களுக்கு யாரும் இல்ல சார்."

பதினான்கு வருடமாக நான் சொல்லிவந்ததும் இதுதான். ஒரு கணினி சொல்லும்போது அநியாயமாக இருந்தது.

அந்தப் பெண்ணே வழி சொன்னாள். மைல் முழுவதையும் மரகதம் பெயரில் திறக்கும் கணக்குக்கு மாற்றிவிட்டால் அவளுக்கு அவர் உடன்பிறப்பு. நான் துணை. மூவரும் ஒரே குடும்பம்.

நவம்பர் 21

மாற்றிவிட்டேன். பற்பசை, மெத்தை, ரத்தம், ஸ்பானிஷ் குதிரை எல்லாம் போயிற்று. என் கணக்கில் இப்போது பூஜ்யம். மரகதத்தின் கணக்கில், உறுப்பினர் பட்டியலில் இரண்டாம் வரியில், "துணை" என்று நான் இருக்கிறேன்.

"டீ வேணுமா, துணை?" என்று கேட்டாள்.

நவம்பர் 25

விசாவுக்கு வேண்டுமென்று இளவேனில் தன் மாமாவுக்கு மின்னஞ்சலில் அழைப்பு அனுப்பியிருந்தாள். டிக்கெட் விஷயத்தையும் அதில் எழுதிவிட்டாள். இன்று காலை என் மூன்றாவது சுற்று முடிந்து வந்தபோதும் மரகதம் பேசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டும் வைக்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டாள்.

"நல்லாக் கேட்டுக்கக்கா. மெயில்ல கூப்புட்டா வர்ற தாய்மாமனா நானு? எம் பொண்ணு கூப்புட்டுட்டா, சந்தோஷம். அவ சின்னப்புள்ள. ஆனா வெத்தலபாக்கு வெச்சுக் கூப்புட வேண்டிய ஆளு கூப்புடணும்ல? பூவக் குடுத்து விடுறாரு, நெனப்புல இருக்கேன்னு அட்டையக் குடுத்து விடுறாரு, ஆளு மட்டும் வரமாட்டாரா? புதுக்கோட்டைக்கு என்ன, பாஸ்போர்ட்டா வேணும்?"

மரகதம் என்னைப் பார்த்தாள். நான் சட்டைக் காலரில் இருந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டேன். வெயில் அதிகம்.

நவம்பர் 27

புதுக்கோட்டை பஸ். ஒன்றேகால் மணி நேரம். இந்தப் பயணத்துக்கு மைல் எதுவும் கிடையாது.

மரகதம் வரவில்லை. "நீங்க போங்க, நான் வந்தா அவன் என்னப் பாத்துத்தான் பேசுவான்" என்றாள். தாம்பூலத் தட்டை அவள்தான் அடுக்கினாள். வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய். முதல் குடுவை நிறையக் கல்கண்டு.

குலசேகரன் ஒருவருக்கு வீட்டுச் சுவருக்கு நிறம் காட்டிக்கொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்தார், பார்க்காத மாதிரி, அந்த ஆளிடம் பச்சையில் உள்ள வகைகளை விளக்கத் தொடங்கினார். பச்சையில் இத்தனை வகை எனக்குத் தெரியாது. ஒரு பெயின்ட் டின் மேல் உட்கார்ந்தேன். கல்லாவுக்குப் பக்கத்தில் மூன்றாவது குடுவை இருந்தது. காலியாக, துடைத்துப் பளபளப்பாக.

வாங்க வந்தவர் போன பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்ன மச்சான், வண்டி பதினாலு வருஷம் லேட்டு?"

"கிராஸிங்ல போட்டுட்டான் மாப்ளே."

சிரிக்கக் கூடாது என்று அவர் வாயை இறுக்கிக்கொண்டது தெரிந்தது. நான் குடுவையைக் காட்டினேன்.

"இதைத் திருப்பி அனுப்பலையே?"

"அனுப்பினா மறுபடியும் பூவு வரும். பஜார்ல பதில் சொல்லி மாளல. ஆளு நேர்ல வந்தா குடுக்கலாம்னு வெச்சிருந்தேன்." பிறகு துணியை எடுத்து, சுத்தமாக இருந்த கல்லாவைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அன்னிக்கு நான் லேட்டா கெளம்பல மச்சான். கேட்டு மூடியிருந்துச்சு. ஒங்க ஸ்டேஷன் கேட்டுதான். சீர்த்தட்ட மடியில வெச்சுக்கிட்டு வேன்ல உக்காந்திருக்கேன், சரக்கு வண்டி போகுது, போகுது, போய்க்கிட்டே இருக்கு. தாலிக்கொடி மாதிரி நீளம். ஒங்களுக்கு நாலு தடவ போன் அடிச்சேன்."

"மணி பார்த்துக்கிட்டு இருந்தேன்."

"ஆமா. பாத்துக்கிட்டுத்தான் இருந்திருப்பீங்க."

அன்று நான் விடுப்பில் இருந்தேன். கேட்டை மூடச் சொன்னது பணியில் இருந்த வேறு மாஸ்டர். அது என் பொறுப்பல்ல என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அங்கே பதிவு செய்யவில்லை. எழுந்து நின்று தட்டை இரண்டு கையாலும் நீட்டினேன்.

"நம்ம பொண்ணு கல்யாணம் மாப்ளே. நீ வந்துதான் மாலை எடுத்துக் கொடுக்கணும்."

அவன் உடனே வாங்கவில்லை. கையில் பெயின்ட் இருக்கிறது என்று உள்ளே போனான். நெடுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையோடு முகத்தையும் கழுவியிருந்தான்.

"ஒரு கண்டிசன். நான் வர்ற வரைக்கும் எவனும் மாலையத் தொடக்கூடாது."

"ஆஸ்திரேலியாவில் கேட் கிடையாது" என்றேன்.

தட்டை வாங்கிக்கொண்டான்.

டிசம்பர் 30

மூன்று விசாவும் வந்துவிட்டன. பூமாலை அந்த நாட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று குலசேகரனுக்குப் போனில் சொன்னேன். பூவுக்குப் பதில் பட்டுநூலிலேயே கட்டச் சொல்லியிருக்கிறானாம். பேச்சு நீண்டுவிட்டது. இன்று நடைக்குப் போனது மரகதம்.

ஜனவரி 22

விமானத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக விழுகிறது, விமானம் குலுங்குவதால்.

நானும் மரகதமும் விமான நிலையத்துக்கு வெகு முன்பாகவே வந்துவிட்டோம். குலசேகரன் வரவில்லை. பயணிகள் எல்லோரும் உள்ளே போனார்கள். போன் செய்தால் எடுக்கவில்லை. பிறகு எடுத்தான். "மாலைக்காரன் இப்பத்தான் குடுத்தான் மச்சான், கீரனூரத் தாண்டிட்டேன், நீங்க அக்காவக் கூட்டிட்டு ஏறிருங்க" என்றான்.

 நான் கையில் வைத்திருந்த மூன்று பாஸ்போர்ட்டுகளையே மரகதம் பார்த்தாள். அவளுடையதை அவளிடம் கொடுத்து, உள்ளே போய் வரிசையில் நில், நான் வருகிறேன் என்றேன். "நீங்க?" என்றாள். "வெளியே காற்று நன்றாக இருக்கிறது" என்றேன்.

வாசலில் நின்றேன். காற்று அப்படி ஒன்றும் இல்லை. காவலர் இரண்டு முறை வந்து, கவுன்ட்டர் மூடப் போகிறார்கள், உள்ளே போங்கள் என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. குறித்த நேரம் குறித்த நேரம்தான். நான் அவரிடம் அதையே சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன்.

வேன் வந்து நிற்பதற்குள் குதித்தான். ஒரு கையில் பெட்டி, மறு கையில் துணி சுற்றிய மாலை. என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான்.

"போயிருப்பீங்கன்னு நெனச்சேன் மச்சான்."

"ஓடுடா மாப்ளே!"

ஓடினோம். நான் ஓடி நாற்பது வருடம் இருக்கும். கவுன்ட்டர் முன்னால் மரகதம், மூட விடாமல், அந்தப் பெண்ணிடம் தன் ரத்தப் பரிசோதனை முடிவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்களால் எல்லோருக்கும் தாமதம் என்று அந்தப் பெண் கோபமாகச் சொன்னாள். என் பணிக்காலம் முழுவதும் என் பெயரில் ஒரு தாமதமும் பதிவானதில்லை. இன்று ஆயிற்று.

குலசேகரன் ஜன்னல் ஓரம். மடியில் மாலை, மேலே வைக்க மறுத்துவிட்டான். மரகதம் நடுவில், அவன் தோளில் சாய்ந்து தூங்குகிறாள். நான் நடைபாதை ஓரத்தில். மைலில் எடுத்த சீட்டில் பறந்தால் மைல் சேராது என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஆகவே எங்கள் மூவரின் இந்தப் பயணம் எந்தக் கணக்கிலும் வராது.

ஜனவரி 28, மெல்போர்ன்

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது.

மாலையைக் கையில் எடுத்ததும் குலசேகரன் அழ ஆரம்பித்துவிட்டான். இளவேனில் குனிந்தபடியே காத்திருந்தாள். ஐயர் ஒருமுறை என்னைப் பார்த்து, நேரம் ஆகிறது என்று ஜாடை காட்டினார். "இருக்கட்டும் சாமி" என்றேன்.

அவன் எவ்வளவு நேரம் அழுதான், முகூர்த்தத்துக்குள் மாலை விழுந்ததா என்று பிறகு மாப்பிள்ளை வீட்டில் யாரோ கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. கைக்கடிகாரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தேன். மறதி. வயதாகிறது.